நாய் சொறிகிறதா? உடனே தீவனத்தை மாற்றாதீர்கள்

"டீச்சர், எங்கள் நாய் எந்நேரமும் சொறிந்துகொண்டே இருக்கிறது. எந்தத் தீவனம் வாங்கலாம்?"

அறிவியல் பாடம் முடியும் நேரத்தில் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேள்வியைக் கொஞ்சம் கவனியுங்கள். நாய்க்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. காரணம் உணவுதான் என்று முடிவு செய்தாகிவிட்டது. கடையில் எந்தப் பொட்டலத்தை எடுப்பது என்பது மட்டும்தான் பாக்கி.

இந்த அவசரத்தால்தான் பல வீடுகளில் நாயும் பூனையும் மாதக்கணக்கில் அவதிப்படுகின்றன என்பது என் கருத்து. ஒரே நாளில் தீவனத்தை மாற்றுகிறோம், ஷாம்புவை மாற்றுகிறோம், பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்ன எண்ணெயையும் தடவுகிறோம். அடுத்த வாரம் அரிப்பு குறைந்தால் எதனால் குறைந்தது? கூடினால் எதனால் கூடியது? தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று ஆரம்பப் பள்ளியிலேயே படித்தவர்கள் நீங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு அதைச் சோதனை என்று சொல்ல முடியுமா?

'அலர்ஜி' என்ற சொல்லை 1906-இல் உருவாக்கியவர் கிளெமென்ஸ் வான் பிர்கே என்ற ஆஸ்திரிய மருத்துவர். தீங்கில்லாத ஒரு பொருளை, பெரும்பாலும் ஒரு புரதத்தை, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரி என்று நினைத்துத் தாக்குவதே ஒவ்வாமை. நமக்குத் தும்மலும் மூக்கொழுகலும் வரும். நாய்க்கும் பூனைக்கும் அது பெரும்பாலும் தோலில்தான் தெரியும்.

நாய் பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கும். வெள்ளை நாயாக இருந்தால் பாதத்து ரோமம் செம்பழுப்பாகிவிடும். அது உமிழ்நீரின் கறை. காதில் திரும்பத் திரும்ப அழற்சி வரும். அக்குளும் வயிறும் சிவக்கும். பூனையிடம் கண்டுபிடிப்பது கடினம். அது பல சமயங்களில் சொறிவதைவிட நக்குவதே அதிகம். வயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் ரோமம் இல்லாமல் போகும்வரை 'எவ்வளவு சுத்தமான பூனை' என்று நாம் பாராட்டிக்கொண்டிருப்போம். கழுத்தையும் முதுகையும் தடவிப் பாருங்கள். மணல் போன்ற சிறு பொருக்குகள் விரலில் தட்டுப்பட்டால் அதுவும் ஓர் அறிகுறி.

முதலில் சந்தேகிக்க வேண்டியது தெள்ளுப்பூச்சியை. உண்ணி வேறு, இது வேறு. துள்ளிக் குதிப்பது தெள்ளு. ஒவ்வாமை உள்ள விலங்குக்கு அதன் உமிழ்நீரில் உள்ள புரதமே பகை. ஓரிரு கடியே பல நாள் அரிப்புக்குப் போதும். வால் தொடங்கும் இடமும் பின்முதுகும் அதிகம் பாதிக்கப்படும். ஈரமான வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் ரோமத்தைச் சீவுங்கள். விழும் கறுப்புத் துகள்களைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த இரத்தம். துகள் எதுவும் விழவில்லை என்றால் தெள்ளே இல்லை என்று அர்த்தமாகாது. பூனை தன்னை நக்கி நக்கியே பூச்சிகளை விழுங்கிவிடும்.

விலங்கின் உடலில் நாம் காணும் வளர்ந்த தெள்ளுகள் மொத்தத்தில் சுமார் 5 விழுக்காடுதான். முட்டைகளும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் பாயிலும் சோபாவிலும் தரையின் இடுக்கிலும் இருக்கின்றன. அவற்றின் பெருக்கத்தை நிறுத்தி வைக்க நம் நாட்டில் குளிர்காலம் கிடையாது. வீட்டில் உள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் பல மாதங்கள் விடாமல் மருந்து போடும்படி மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

அடுத்தது வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணி. கண்ணுக்குத் தெரியாது. நம் ஈரப்பதமான வானிலையில் புளோமியா டிராபிகாலிஸ் போன்ற இனங்கள் செழித்து வளர்கின்றன. இத்தகைய சுற்றுச்சூழல் ஒவ்வாமை நாய்களுக்குப் பெரும்பாலும் 6 மாதம் முதல் 3 வயதுக்குள் தொடங்கும். இதை அடியோடு குணப்படுத்த முடிவது அரிது. படுக்கையை வாரந்தோறும் வெந்நீரில் துவைப்பதும், மருத்துவர் தரும் மருந்துமாகக் கட்டுக்குள் வைக்கலாம்.

உணவு ஒவ்வாமையும் உண்மைதான். ஆனால் அதை நிரூபிக்க ஒரே நம்பகமான வழி, விலங்கு இதுவரை சாப்பிடாத புரதத்தையோ, நுண்ணியதாக உடைக்கப்பட்ட புரதத்தையோ மட்டும் குறைந்தது 8 வாரங்கள் கொடுப்பது. வேறு எதுவும் கூடாது. தாத்தா மேசைக்கு அடியில் நீட்டும் ஒரு துண்டு ரொட்டி சானாய் போதும், சோதனை கெட்டுவிடும். அரிப்பு குறைந்த பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அரிப்பு திரும்பி வந்தால்தான் நிரூபணம். பெரும்பாலானோர் இந்த இரண்டாம் பாதியைச் செய்வதில்லை. செய்யாவிட்டால் அரிப்பு தானாகக் குறைந்ததா, உணவால் குறைந்ததா என்று எப்படித் தெரியும்?

'தானியம் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கும் தீவனங்கள் மீது எனக்கு நம்பிக்கை குறைவு. நாய்களிடம் அதிகம் பதிவான உணவு ஒவ்வாமைகள் மாட்டிறைச்சி, பால், கோழி ஆகியவற்றுக்கு. கோதுமை அதற்குப் பின்னால்தான். பூனைகளிடம் மாட்டிறைச்சி, மீன், கோழி. ரோமத்தையும் உமிழ்நீரையும் அனுப்பினால் ஒவ்வாமையைச் சொல்கிறோம் என்னும் பெட்டிகளை இன்னும் குறைவாக நம்புகிறேன். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் அத்தகைய ஒரு சோதனைக்குச் செயற்கை ரோமமும் உமிழ்நீரே அல்லாத திரவமும் அனுப்பப்பட்டன. அவற்றுக்கும் 'ஒவ்வாமை இருக்கிறது' என்று முடிவு வந்தது!

அரிப்பெல்லாம் ஒவ்வாமையும் அல்ல. வட்டமான வழுக்கைத் திட்டுகள் இருந்தாலோ, உங்களுக்கும் அரித்தாலோ படர்தாமரையாகவோ சொறிப்பூச்சியாகவோ இருக்கலாம். அவை மனிதருக்கும் தொற்றும். 'நாற்றம் அடிக்கிறது' என்று வெளியே கட்டிப்போடப்படும் நாயைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த வாடை பல வேளைகளில் புண்ணான தோலில் பெருகிய ஈஸ்ட்டின் வாடை. சிகிச்சையால் போய்விடும்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். பனடோலில் உள்ள பாரசிட்டமோலைச் சிதைக்கப் பூனையின் கல்லீரலால் இயலாது. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். நாய்க்கான சில தெள்ளு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரினும் பூனைக்கு நஞ்சு. உறையைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

மருத்துவச் செலவு சிறியதல்ல. உங்கள் பெற்றோர் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஐந்து வகைத் தீவனத்தை வாங்கி வாங்கி எறிவதும் செலவுதானே? பணம் வேண்டாத ஒரு வேலை உங்கள் கையில் இருக்கிறது. இரவுதோறும் ஒரே நபர் அரிப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடட்டும். எந்த இடத்தில் சொறிகிறது, அன்று என்ன சாப்பிட்டது, கடைசியாக எப்போது தெள்ளு மருந்து போட்டது என்று பக்கத்தில் எழுதுங்கள். கால்நடை மருத்துவர் முதலில் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.