இரை எடுப்பது பாம்பின் வேலை

புதிதாக வீட்டுக்கு வந்த பாம்பு இரையைத் தொடவில்லை என்றதும் வளர்ப்பவர் சொல்லும் முதற்சொல் ‘அடம்’. இரண்டாம் வாரம் அது ‘கோபம்’ ஆகிறது. மூன்றாம் வாரம் ‘உண்ணாவிரதம்’. நான்காம் வாரம் யாரோ ஒருவர் அதன் வாயை இடுக்கியால் பிளந்து, செத்த சுண்டெலியைத் தொண்டைக்குள் தள்ளுகிறார். இந்த நான்கு வாரங்களில் பாம்பின் உடல்நிலையில் பெரும்பாலும் எந்த மாற்றமும் நிகழ்ந்திருக்காது. வளர்ப்பவரின் சொற்கள்தாம் ஒவ்வொரு வாரமும் கடுமையாகிக்கொண்டே போயின. கடைசியில் கையும் சொல்லைப் பின்தொடர்ந்தது.

உண்ணாவிரதம் இருப்பவருக்கு ஒரு கோரிக்கை உண்டு. அதைக் கேட்டாக வேண்டிய எதிர்த்தரப்பும் உண்டு. அடம் பிடிக்கும் குழந்தைக்குத் தாயின் விருப்பம் இன்னதென்று தெரியும். தெரிந்தே அதை மறுக்கிறது. பாம்புக்கு இவ்விரண்டையும் ஏற்றிச் சொல்ல எந்தச் சான்றும் இல்லை. தமிழ் இதில் நெடுங்காலமாகவே தெளிவாக இருந்திருக்கிறது. ‘பாம்பு இரை எடுத்தது’ என்பதே வழக்கு. அந்த வாக்கியத்தில் எழுவாய் பாம்பு, எடுப்பதும் அதுவே. ‘உண்’ என்னும் வினையின் பிறவினையாகிய ‘ஊட்டு’ என்பதற்கோ ஊட்டுபவர் ஒருவர் வேண்டும், அவர் கையை ஏற்கும் உறவும் வேண்டும். குழந்தைக்கு ஊட்டுகிறோம், நோயாளிக்கு ஊட்டுகிறோம். ‘பாம்புக்கு ஊட்டினார்’ என்பது காதுக்கே ஒவ்வாத தொடர். அந்த ஒவ்வாமைக்குப் பின்னால் நியாயமான ஓர் அறிவு இருக்கிறது. இன்றைய வளர்ப்பு மோகம் அந்த அறிவைத்தான் கைவிட்டிருக்கிறது.

இந்தியாவில் இன்று வளர்ப்புக்கென்று அதிகம் கைமாறும் அயல்நாட்டுப் பாம்புகளுள் ஒன்று, வணிகர்கள் பால் பைத்தான் என்றழைக்கும் பந்து மலைப்பாம்பு. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் முதலிய நாடுகளின் புல்வெளிகளுக்கு உரியது. பகலில் எலிவளைகளிலும் கறையான் புற்றுகளிலும் ஒடுங்கிக் கிடந்து, இரவில் இரை தேடும். அச்சம் வந்தால் தலையை உள்ளே மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதன் பெயரே அந்த அச்சத்திலிருந்து வந்தது. வளர்ந்த பந்து மலைப்பாம்பு மாதக்கணக்கில் இரையின்றி இருப்பது இயல்பு. முட்டைகளைச் சுற்றிக் கிடக்கும் பெண்பாம்பு அடைகாக்கும் காலம் முழுவதும் இரை எடுப்பதில்லை. இத்தகைய உயிரைப் பெட்டியில் அடைத்து, பல மணி நேரப் பயணத்துக்குப் பின் நான்கு பக்கமும் கண்ணாடியுள்ள தொட்டியில் இறக்கி, அன்று மாலையே நண்பர்கள் புடைசூழ இரையை நீட்டுகிறார்கள். அது மறுப்பதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

மலைப்பாம்புக்கு இரை எடுப்பது சிறிய செயல் அன்று. பர்மிய மலைப்பாம்புகளைக் கொண்டு ஸ்டீபன் சீகோரும் ஜாரெட் டயமண்டும் 1990களில் நடத்திய ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. இரையற்ற காலத்தில் அதன் குடல் சுருங்கிச் செயல் குறைந்து கிடக்கிறது. இரை விழுந்ததும் ஓரிரு நாட்களில் சிறுகுடலின் நிறை ஏறத்தாழ இரு மடங்காகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் பெருக்கின்றன. ஒவ்வொரு வேளையும் உடலுக்குள் ஒரு பட்டறையைப் புதிதாகக் கட்டி எழுப்புவதற்குச் சமம். அதற்கு வெப்பம் வேண்டும். பாம்பு அதைத் தன் சூழலிலிருந்தே பெற்றாக வேண்டும். குளிர்ந்த தொட்டியில் விழுங்கிய எலி செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். பாம்பு அதைக் கக்கிவிடும். ஆகவே குளிரிலும் அச்சத்திலும் இரையை மறுக்கும் பாம்பு சரியானதையே செய்கிறது. தவறு தொட்டியில் இருக்கிறது.

தொட்டியைத் திருத்துவதற்குப் பெரும் செலவோ மந்திரமோ தேவையில்லை. ஒரு முனையில் 31 முதல் 33 பாகை செல்சியஸ், மறுமுனையில் 25 முதல் 27. இரு முனையிலும் உடலை நெருக்கமாகச் சூழும் இருண்ட மறைவிடம் ஒவ்வொன்று. எப்போதும் தண்ணீர், போதிய ஈரப்பதம். குறைந்தது ஒரு வாரம் பாம்பைக் கையில் எடுக்கவே கூடாது. அதன் பிறகு, உடலின் மிகப் பருத்த பகுதியின் அளவை மீறாத, உறைநிலையிலிருந்து முழுதும் உருக்கி வெதுவெதுப்பாக்கிய சுண்டெலியை இரவில், அரையிருளில், நீண்ட இடுக்கியால் காட்ட வேண்டும். உதட்டோரக் குழிகளால் வெப்பத்தை உணரும் பாம்புக்குக் குளிர்ந்த எலி இரையாகவே தோன்றாது. எடுக்கவில்லையா? அகற்றிவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம். நாள்தோறும் நீட்டுவது அச்சத்தை நாள்தோறும் புதுப்பிப்பதாகும்.

மகாபலிபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சென்றவர்கள் அங்கே வரிசையாக இருக்கும் மண்பானைகளைக் கண்டிருப்பார்கள். நஞ்செடுப்பதற்காகக் கொண்டுவரும் பாம்புகள், மீண்டும் காட்டில் விடப்படும் வரை, வாய் துணியால் கட்டிய அந்தப் பானைகளில்தான் இருக்கின்றன. இருள், நெருக்கம், அமைதி மூன்றும் ஒரு பானையில் கிடைத்துவிடுகின்றன. விலையுயர்ந்த கண்ணாடித் தொட்டி வாங்குவோர் பெரும்பாலும் தம் கண்களுக்காகவே வாங்குகிறார்கள்.

‘காத்திருந்து காத்திருந்து செத்துவிட்டால் யார் பொறுப்பு?’ என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறக்கூடிய கருவி எடைத்தராசு. வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைத்தால் அச்சத்துக்கும் ஆபத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும். எடை குன்றாத வளர்ந்த பாம்பைப் பற்றிக் கலங்க வேண்டியதில்லை. எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், மூச்சில் சீழ்க்கையொலி, வாயில் நுரை அல்லது புண், செதில்களிடையே உண்ணி தென்பட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்த பின் ஒருமுறையும் இரை எடுக்காத குட்டிக்குச் சேமிப்பு குறைவு. அதன் வகையில் தாமதம் கூடாது. ஆனால் வாயைத் திறந்து ஊட்டுவது, இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின் மருத்துவர் எடுக்கும் கடைசி முடிவு. காணொளி பார்த்துக் கற்றவர் கையில் அது பற்களை முறிக்கும், உணவுக்குழாயைக் கிழிக்கும், முன்பே அஞ்சிய பாம்பை இன்னும் அஞ்சவைக்கும்.

நாகபஞ்சமி நாளில் நாகத்தின் வாயில் பாலூற்றும் வழக்கத்தைப் படித்தவர்கள் எள்ளி நகையாடுகிறார்கள். பால் பாம்பின் உணவன்று. நீரின்றி நாட்கணக்கில் வாட்டிய பாம்பு தாகத்தால் அதைக் குடிக்கிறது. அதனாலேயே நோயுற்று இறக்கிறது. இந்தக் கண்டனம் முற்றிலும் சரி. ஆனால் பல்கலைக்கழக விடுதி அறையில் மலைப்பாம்பின் வாயை இடுக்கியால் பிளப்பவர் எந்த வகையில் வேறுபட்டவர்? அங்கே புண்ணியம் வேண்டி ஊற்றுகிறார்கள், இங்கே மனநிறைவு வேண்டித் திணிக்கிறார்கள். இரண்டிலும் தீர்வது மனிதரின் தேவை. பக்திக்கு ஒரு நீதி, பொழுதுபோக்குக்கு ஒரு நீதி என்பது பகுத்தறிவாகாது.

உயிருள்ள எலியைத் தொட்டிக்குள் விட்டுப் படம்பிடிப்போரும் இருக்கிறார்கள். பசியில்லாத பாம்பை அடைபட்ட எலி கடித்துக் குதறும். அந்தக் காயங்களால் பாம்புகள் இறந்ததும் உண்டு. கேளிக்கைக்காக மட்டுமே ஒரு விலங்கை அடைத்து மற்றொன்றுக்கு இரையாக்குவதைப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இலேயே குற்றம் என்கிறது. எலியின் வலியை எவரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது தனி அவலம்.

இரை மறுப்புக்கும் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நாகம், சாரை, இந்திய மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024இல் வந்த விதிகளும் சைட்டிஸ் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிர்களைப் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யக் கட்டாயமாக்கின. ஆயினும் பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் துணிப்பைக்குள் முடிந்த மலைப்பாம்புக் குட்டிகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் பலமுறை கைப்பற்றியிருக்கிறார்கள். பிடிபடாதவை சந்தைக்குப் போகின்றன. அப்படி வாங்கிய பாம்பு இரை எடுக்காதபோது, பதிவில்லாத வளர்ப்பாளர் மருத்துவரை நாடத் தயங்குகிறார். இணையத்தில் முகம் தெரியாதவர் சொன்னதைச் செய்கிறார். இடுக்கி அங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே ‘என் பாம்பை எப்படி உண்ணவைப்பது?’ என்ற கேள்வியை மாணவர்களும் ஆய்வாளர்களும் முதலில் திருத்திக் கேட்கட்டும். எங்கிருந்து வந்தது, பதிவு உண்டா, வெப்பம் எவ்வளவு, மறைவிடம் இருக்கிறதா, சென்ற வார எடை என்ன? இவற்றுக்கு விடை இல்லாதவர் பாம்பை வாங்குவதற்கே தகுதியற்றவர். விடை இருப்பவர் செய்ய வேண்டிய மிகக் கடினமான செயல், தொட்டியை மூடிவிட்டு விலகி இருப்பது. இருளும் வெப்பமும் அமைதியும் கிடைத்தால், நலமுள்ள பாம்பு தன் வேளையில் இரை எடுக்கும்.