அணையும் உல்லாசமும்

மக்கள் தம் தேவைக்காகக் கட்டியவற்றுள் பயனும் அழகும் ஒருங்கே பொருந்தியவை சிலவே. ஆற்றின் குறுக்கே அமைந்த சிற்றணை அச்சிலவற்றுள் ஒன்றாகும். அது வயலுக்கு நீரைத் தருகின்றது. காண்போர் கண்ணுக்கு விருந்தும் தருகின்றது. ஆதலின் உழவர் அதனைத் தம் உயிர்நிலையெனப் போற்றுவதும், விடுமுறை நாளில் அங்குச் செல்லும் நகரத்தார் அதனைத் தம் உல்லாசச் சோலையெனக் கருதுவதும் இயல்பே. எனினும், இவ்விரு திறத்தாரும் அணையின் மேற்புறத்தையே கண்டு மகிழ்கின்றனரன்றி, அதன் அடிப்புறத்தைப்பற்றிச் சிந்திப்பது அரிது. அணைக்கு வரும் கேடும், அணையருகே நீராடுவோர்க்கு வரும் கேடும் பெரும்பாலும் அவ்வடிப்புறத்திலிருந்தே எழுகின்றன. இவ்வுண்மையை ஒரு சான்று கொண்டு விளக்க விரும்புகின்றோம்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள முக்கொம்பு நம் மாணாக்கருள் பெரும்பாலோர் அறிந்த இடம். அங்கே காவிரி இரண்டாகப் பிரிந்து, காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பெயர் பூண்டு, திருவரங்கத்தை நடுவே வைத்துச் செல்கின்றது. கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையினும் தாழ்ந்திருந்தமையால், நீரின் பெரும்பகுதி அவ்வழியே கடலுக்குச் சென்றது. காவிரி மணலால் மேடிட்டது. தஞ்சைத் தரணியின் வயல்கள் வாடின. இக்குறையை நீக்கும்பொருட்டு 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியியலறிஞர் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டுவித்தார். ஆழங்காண இயலாத மணலில் அடித்தளம் இடும் முறையைப் பழந்தமிழர் கட்டிய கல்லணையிடமிருந்தே தாம் கற்றதாக அவர் மனமுவந்து எழுதியுள்ளார். அவருடைய கருத்து முதற்கண் அடித்தளத்தையே நாடிற்று என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

நிற்க. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, அவ்வணையின் 45 மதகுகளுள் 9 மதகுகள் தூண்களோடு சரிந்து வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பாறைகளையும் மணல் மூட்டைகளையும் அடுக்கி, தொழிலாளர் பலர் இரவு பகலாகப் பாடுபட்டுத் தற்காலிகத் தடுப்பொன்றை எழுப்பினர். பின்னர், சுமார் 387 கோடி ரூபாய் மதிப்பீட்டில், பழைய அணைக்குக் கீழே புதிய கதவணை ஒன்று கட்டப்பட்டது. உடைவு நேர்ந்தது இரவில். ஆடவரும் பெண்டிரும் சிறாரும் அணைமேல் நின்று வெள்ளங்காணும் பகற்பொழுதில் அது நேர்ந்திருப்பின் யாதாகியிருக்கும் என்று எண்ணும்போதே நெஞ்சம் நடுங்குகின்றது.

ஆற்று மணலை அளவின்றி அள்ளியதே உடைவிற்குக் காரணமென்று உழவர் பலர் குற்றஞ்சாட்டினர். அரசினரோ அதனை மறுத்து, அணையின் முதுமையையும் வெள்ளத்தின் வேகத்தையும் காரணமாகக் கூறினர். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. எவர் கூற்று மெய்யாயினும், இரண்டும் ஓரிடத்தையே சுட்டுகின்றன. ஒரு கன அடி நீரின் எடை சுமார் 28 கிலோகிராம். விநாடிக்கு ஓரிலட்சம் கன அடி நீர் பாயுமாயின், ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 2,800 டன் எடை அணையைக் கடந்து கீழே இறங்குகின்றது. அவ்வேகத்தைத் தாங்குவது தூணின் தலையன்று. தூணின் அடியிலுள்ள கற்றளமும் அதற்கு அப்பாலுள்ள படுகையுமே. படுகை தாழ்ந்தால் நீர் விழும் உயரம் மிகும். உயரம் மிகுந்தால் அரிப்பு மிகும். அரிப்பு தளத்தின் கீழே புகுந்தால், மேலே வெள்ளையடித்து விளக்கேற்றிய அணையும் ஒரு நாள் சரியும்.

பேரணைகளுக்குச் சட்டத்தின் காவல் உண்டு. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுடையவற்றுள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றிற்கும் உரியது. மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் அவற்றைப் பரிசோதித்தல் வேண்டுமென்று அச்சட்டம் விதிக்கின்றது. நம் ஆறுகளிலுள்ள பழைய அணைக்கட்டுகளோ பெரும்பாலும் அவ்வுயரத்திற்கு எட்டாதவை. உயரத்தாற் சிறியவை, ஆயினும் அவற்றை நம்பி வாழும் வயல்கள் சிறியவை அல்ல. சட்டத்தின் எல்லைக்குள் வாராத அணையைப் பொதுமக்களின் விழிப்பே காத்தல் வேண்டும்.

இனி, உல்லாசத்தின் பக்கம் திரும்புவோம். பேரணையின் அருகே செல்ல எவரும் அஞ்சுவர். சிற்றணையைக் கண்டு அஞ்சுவார் இல்லை. ஆளுயரமே வழியும் நீர், அடியில் வெண்ணுரை, அதற்கப்பால் அமைதியாகத் தோன்றும் மடு. நீந்தத் தெரிந்த இளைஞனுக்கு இதனினும் இனிய காட்சி வேறில்லை. ஆயின் அங்கே நிகழ்வது யாது? மேலிருந்து வீழும் நீர் நேரே அடியாழத்திற்குப் பாய்ந்து, சிறிது தொலைவு சென்றபின் மேலெழுகின்றது. அவ்விடத்திற்கும் அணைக்கும் இடையிலுள்ள மேற்பரப்பு நீர் முன்னோக்கிச் செல்லாமல் அணையை நோக்கித் திரும்பி ஓடுகின்றது. அதனுள் அகப்பட்டவன் அணையின் அடிக்கு இழுக்கப்படுகின்றான். வீழும் நீரால் ஆழத்தில் அமிழ்த்தப்படுகின்றான். மேலெழுந்ததும் மீண்டும் இழுக்கப்படுகின்றான். நுரை கலந்த நீர் உடலை மிதக்கவிடும் வலிமை குன்றியது; ஆதலின் நீச்சல் திறமையும் அங்குப் போதிய துணையாகாது. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பிங்காம்டன் நகரில், சஸ்குவெகன்னா ஆற்றின் சிற்றணை ஒன்றில் அகப்பட்டோரை நாடிச் சென்ற தீயணைப்பு வீரரும் அச்சுழலிலேயே மாண்டனர். பயிற்சியும் படகும் உடையார்க்கே அக்கதியென்றால், விடுமுறைக் களிப்பில் குதிக்கும் மாணவனின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இதனோடு வேறு அபாயங்களும் உள. மேலே மதகு திறக்கப்பட்டால், கணுக்கால் அளவு நீர் சிறிது நேரத்தில் மார்பளவாகலாம். பாசி படிந்த கற்றளம் காலை வழுக்கும். மணல் அள்ளிய குழிகள் நீருக்குள் மறைந்து கிடக்கும். நேற்று நின்ற இடத்தில் இன்று நிலம் இராது.

“அங்ஙனமாயின் அணைப்பக்கம் எவரையும் விடாமல் வேலியிட்டு அடைத்துவிடலாமே” என்பார் உளர். இக்கூற்றை நாம் ஏற்கவில்லை. ஆடிப் பதினெட்டில் காவிரிக்குப் படையலிட்டு, முளைப்பாரி கரைத்து, கலந்த சோறு உண்டு மகிழ்வது நம் நாட்டவரின் தொன்மையான வழக்கம். காணும் பொங்கலன்று குடும்பத்தோடு ஆற்றங்கரை சேர்வதும் அத்தகையதே. ஆற்றைக் காணாத மக்கள் ஆற்றை மறப்பர். மறந்தபின் அதன் மணல் போனாலும் கேளார், அதன் அணை விரிசல் கண்டாலும் கேளார். மக்கள் வரவு அணைக்குப் பாரமன்று. முறைப்படுத்தினால் அதுவே அணைக்குக் காவலாகும்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, அணைப்பூங்காவின் அழகிற்குப் பணம் ஒதுக்குமுன், அணையின் அடித்தளத்திற்கும் படுகைக்கும் ஒதுக்குதல் வேண்டும். ஆண்டுதோறும் கோடையில் நீர் வற்றியபோது அவற்றைப் பரிசோதித்து, கண்ட நிலையை எளிய தமிழில் எழுதி அணைவாயிலிலேயே ஒட்டுதல் வேண்டும். இரண்டாவது, அணைக்கு மேலும் கீழும் நீரில் இறங்கலாகாத எல்லையை மிதவை கட்டிக் காட்டி, அதற்கு வெகுதூரம் கீழே, ஆழமும் ஓட்டமும் அளந்தறிந்த இடத்தில் படித்துறை அமைத்து, கயிறும் மிதவை வளையமும் பயின்ற நீச்சற்காவலரும் வைத்தல் வேண்டும். மதகு திறக்குமுன் ஒலிக்கும் சங்கு கரையெங்கும் கேட்பதாக அமைதல் வேண்டும். மூன்றாவது, எச்சரிக்கைப் பலகை காரணத்தையும் கூறுதல் வேண்டும். ‘குளிக்கத் தடை’ என்னும் இரு சொற்களை இளைஞன் அதிகாரியின் கெடுபிடியென்று இகழ்வான். நீர் திரும்பி ஓடி ஆளை அமிழ்த்தும் வகையை ஒரு படத்தால் விளக்கினால் தானே விலகுவான்.

இவற்றுள் எல்லாம் அரசினர் செயலுக்கே உரியன அல்ல. பௌதிகம் பயிலும் மாணவர் சுழல்நீரின் இயல்பைச் சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் சென்று விளக்கலாம். தமிழ் பயில்வோர் எச்சரிக்கைகளை மக்கள் மனங்கொள்ளும் நடையில் எழுதித் தரலாம். நீர்வளத்துறையிலும் ஆட்சித்துறையிலும் பணிபுரியும் பழைய மாணாக்கர் இக்கோரிக்கைகளைத் தத்தம் மேசைகளில் உறங்கவிடாமல் செயற்படுத்தலாம். உல்லாசப் பயணம் செல்லும் ஒவ்வொரு வகுப்பும், தண்ணீரில் இறங்குமுன் மதகின் நிலையைக் காவலரிடம் உசாவுவதை வழக்கமாகக் கொள்ளலாம்.

மணலுக்குள் மறைந்து நிற்கும் கல்லே மேலுள்ள தூணைத் தாங்குகின்றது. அக்கல்லை மறந்தமையால் நேரும் இழப்பு எத்தன்மையது என்பதை முக்கொம்பு நமக்கு ஒருமுறை காட்டிவிட்டது. அது மறுமுறை காட்டவேண்டிய நிலைமை வாராதபடி பார்த்துக்கொள்வது, அதன் நீரை உண்டும் அதன் கரையில் களித்தும் வாழும் நம் அனைவருக்கும் உரிய கடமையாகும்.