பூனைக்கும் வேட்டை வேண்டும்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அதனால் விம்கோ நகரில் பூனையை வீட்டுக்குள் வைத்திருப்பதே பாதுகாப்பு. ஆனால் அடைத்துவிட்டுச் சோறு மட்டும் வைப்பது அநியாயம்; அது வேட்டைக்காரப் பிராணி. ஒரு குச்சியில் துணிக்கீற்றைக் கட்டி, கட்டிலுக்கடியில் எலி ஓடுவதுபோல் இழுத்துப் பாருங்கள். காது நிமிரும், உடம்பு தரையோடு படியும், பின்பக்கம் குலுங்கும், அப்புறம்தான் பாயும். அந்தப் பதுங்கலுக்கு நேரம் கொடுங்கள். முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள். இரை ஓடி ஒளியத்தான் பார்க்கும். லேசர் விளக்கு எனக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு துரத்தினாலும் எதுவும் பிடிபடாமல் பூனை ஏங்கிப்போகும். பத்து நிமிஷம் விளையாடி, கடைசியில் பிடிக்க விட்டு, காசிமேட்டு மீனில் ஒரு துண்டை உப்பில்லாமல் வேகவைத்து முள்ளெடுத்து வையுங்கள். துணியையும் நூலையும் உடனே எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கினால் குடலில் சிக்கி உயிருக்கே ஆபத்து.