வந்தவரைத் தங்க வையுங்கள்

அன்புள்ள சோழநாட்டுச் சொந்தங்களுக்கு,

அய்யம்பேட்டைப் பக்கம் பிறந்து, இப்போது ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்தில் குடியிருக்கும் உங்கள் ஊர்ப் பெண் எழுதுகிறேன். இந்தத் தை மாதம், என்னோடு வேலை பார்க்கும் தோழிகள் இருவரை அழைத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்திருந்தேன். பிறந்த மண்ணை விருந்தாளிகளோடு சுற்றியபோது மனதில் பட்டதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சம்பா அறுவடை நேரம். சாலையோரமெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கொள்முதல் நிலைய வாசல்களில் தார்ப்பாய் போர்த்திய குவியல்கள். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வாடகைக் கார் ஏற்பாடு செய்தவர் சொன்னார். வருகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த கோயிலுக்குக் காலையில் இரண்டு மணி நேரம், மதியம் ஒரு சாப்பாடு, பிறகு ஓட்டம். இருட்டுவதற்குள் திருச்சி போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நடுப்பகலில் நடை சாத்தியபின் எங்கே உட்காருவது, பெண்கள் எங்கே ஒதுங்குவது என்று யாரும் யோசிப்பதில்லை. உச்சி வெயிலில் தேர்முட்டி ஓரமாக, கையில் செருப்போடு நிற்கும் வெளியூர்க்காரர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நாங்கள் அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டுக் கும்பகோணத்தில் அறை எடுத்துக்கொண்டோம். அதனால்தான் தாராசுரத்தை மாலை வெயிலில் பார்க்க முடிந்தது. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தைப் படம் பிடித்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். கருவறைச் சுவரின் அடிப்பகுதியைக் குனிந்து பார்க்க நேரம் இருப்பதில்லை. நாயன்மார் கதைகள் வரிசையாக அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாண் அளவுதான். உச்சிப்பொழுதில் வெறும் கல்லாகத் தெரிவது, வெயில் பக்கவாட்டில் சாய்ந்ததும் ஆளாகவும் மரமாகவும் குளமாகவும் பிரிந்து தெரிகிறது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் காட்சிக்கு முன்னால் என் தோழி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கதையைச் சொன்னேன். அடுத்த கல்லில் என்ன என்று கேட்டாள். ஓதுவார் ஒருவரோ, ஊர்ப் பள்ளிப் பிள்ளை ஒன்றோ அங்கிருந்து சொல்லியிருந்தால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் பசுபதிகோயிலுக்குப் பக்கத்தில் புள்ளமங்கை. முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். ராமாயணக் காட்சிகளை உள்ளங்கை அகலத்தில் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரியான நானே கல்யாணத்துக்குப் பிறகுதான் அதைப் பார்த்தேன். நம் பக்கத்தில் இப்படிப் பெயர்ப்பலகைகூட இல்லாத கோயில்கள் எத்தனையோ.

சுவாமிமலையில் பட்டறை ஒன்றில் வெகுநேரம் இருந்தோம். தென்னை ஓலையை மடித்து மடித்து அளவு எடுத்து, தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்த மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசுகிறார்கள். அந்த நைஸ் மண்தான் நகக்கண் வரைக்கும் அச்சு எடுக்கும் என்றார் ஸ்தபதி. மண் காய வேண்டும், மறுபடி பூச வேண்டும், மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்ற வேண்டும், ஆறியபின் அச்சை உடைக்க வேண்டும். ஓர் அச்சில் ஒரு சிலைதான். பல நாள் வேலை. அரை மணி நேரத்தில் வந்து போகிறவருக்குக் கடைசியில் விலைப்பட்டியல் மட்டும்தான் கண்ணில் படும்.

நான் இருக்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ரோத்தன்பர்க் என்று ஒரு சின்ன ஊர். பதினோராயிரம் பேர் அளவுதான் ஜனத்தொகை. 1945 மார்ச்சில் குண்டு விழுந்து பழைய ஊரின் ஒரு பகுதி அழிந்தது. கோட்டைச் சுவரைத் திரும்பக் கட்ட உலகம் முழுவதிலிருந்தும் பணம் வந்தது. கொடுத்தவர் பெயரைச் சுவர்க் கற்களில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்குப் பெரிய கோயில்தான் நினைவுக்கு வந்தது. தானும் தமக்கையும் மனைவியரும் மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்னவன் ராஜராஜன். நானூறு ஆடல் மகளிரைத் தெருவோடும் பெயரோடும் எழுதி வைத்த சுவர் அது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் இருந்த வழக்கம்.

ரோத்தன்பர்க்கில் இன்னொன்றும் உண்டு. மாலையில் பேருந்துகள் போனபிறகு, விளக்கும் ஈட்டியும் ஏந்திய இரவுக் காவலர் ஒருவர் தெருத்தெருவாகக் கூட்டிப்போய்க் கதை சொல்வார். அதைக் கேட்கவே ஜனங்கள் இரவு தங்குகிறார்கள். தங்கினால் சாப்பாட்டுக் கடைக்கு வியாபாரம், விடுதிக்கு வாடகை, ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை. நம் ஊர்களிலோ அர்த்தசாம பூஜை இருக்கிறது, தேவாரம் இருக்கிறது, திருவையாற்றுப் படித்துறை இருக்கிறது. இவையெல்லாம் நடக்கும் நேரத்தில் பயணி திருச்சி சாலையில் போய்க்கொண்டிருக்கிறார்.

வழிப்போக்கரைத் தங்கவைப்பது நமக்குப் புதிதல்ல. இதை அழுத்திச் சொல்லத்தான் இந்த மடலே. ராமேசுவரம் போகும் வழி நெடுகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். நீடாமங்கலம், ராஜாமடம், ஒரத்தநாடு என்று எத்தனை ஊர்கள்! அவற்றைக் கும்பினியார் கையில் கொடுக்க மனமில்லாமல், இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரிக்கிறார். எந்தச் சாதியாராக இருந்தாலும் வந்தவருக்குச் சோறு. நோயாளிக்கு வைத்தியம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பராமரிப்பு, அனாதைக் குழந்தைகளுக்கு ஆதரவு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாரேனும் உண்டா என்று அழைப்பார்கள். ஓர் அரசர் தன் ராஜ்ஜியத்தின் பெருமை என்று கோட்டையையோ படையையோ சொல்லாமல் சத்திரத்தைச் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம்!

ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் 1802-இல் எழுந்தது. சரபோஜியின் அன்புக்குரிய முக்தாம்பாள் பெயரில் கட்டியது. முகப்பை யானையும் குதிரையும் இழுக்கும் தேராகச் செதுக்கியிருக்கிறார்கள், உள்ளே மரத்தூண்கள், முற்றங்கள். அதன் வாசலில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. விரிசலில் அரசங்கன்று வேர்விட்டிருந்தது. உள்ளூர் அண்ணன் ஒருவரிடம் விசாரித்தால், "அது பழைய சத்திரம்மா, பார்க்க ஒண்ணுமில்ல" என்றார். அண்ணே, பார்க்க அங்கே எவ்வளவோ இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் கும்பாபிஷேகத்துக்குப் பணம் அனுப்புகிறோம், ராஜகோபுரத்துக்கு வண்ணம் அடிக்கக் கொடுக்கிறோம். இனி சத்திரத்துக்கும் கேளுங்கள், கொடுக்கிறோம். ஐந்து நட்சத்திர ஓட்டல் வேண்டாம். சுத்தமான நான்கு அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, மதியம் சாய்ந்திருக்க ஒரு திண்ணை போதும். அக்ரகாரத்திலும் செட்டித்தெருவிலும் பூட்டிக்கிடக்கும் முற்றத்து வீடுகளை இடிக்க ஆள் பேசும் முன், இரண்டு அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுப் பாருங்கள். திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின் மேல் மணல் வீசித் தேய்க்க யாராவது வந்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். போன எழுத்தைத் திரும்ப வெட்ட எவராலும் முடியாது.

அடுத்த கிராம சபை கூடும்போது, உங்கள் ஊரில் சத்திரமோ பழைய மடமோ இருந்தால் அதைப் பழுதுபார்த்துத் திறக்கக் கோரி ஒரு தீர்மானம் போடுங்கள். மாவட்ட ஆட்சியருக்கு அதை அனுப்பிவிட்டு எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மற்றதை இங்கிருந்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பெண்,
நூரம்பர்க், ஜெர்மனி