சமாதானப் பரிசு வாங்கியவரின் கணக்கு

நூறு வயது வாழ்ந்து, 2023 நவம்பர் 29-ந் தேதி தமது சொந்த வீட்டில் கண்ணை மூடினார் ஹென்றி கிஸ்ஸிங்கர். உடனே உலகத்து முதலாளித்துவப் பத்திரிகைகள் ஒப்பாரி வைக்க ஆரம்பித்தன. ராஜதந்திரி என்றார்கள், மேதை என்றார்கள், சமாதானத்துக்காக நோபல் பரிசு பெற்றவர் என்று மறக்காமல் எழுதினார்கள்.

செத்தவரை ஏசக்கூடாது என்பது நம் கிராமத்து வழக்கம். நல்ல வழக்கந்தான். சாவு வீட்டில் போய்க் கடனைக் கேட்பது நமக்கும் பிடிக்காத காரியம். ஆனால் இந்த மனிதர் வைத்துவிட்டுப் போனது ஒரு வீட்டுக் கடன் அல்ல. நாலைந்து தேசத்து ஏழை ஜனங்கள் இன்னமும் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகையால் கணக்கைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் அவருக்குச் சேர வேண்டிய வரவை வைத்துவிடுவோம். 1923-ல் ஜெர்மனியில் ஃபூர்த் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1938-ல் பெற்றோருடன் அமெரிக்காவுக்கு ஓடினார். அங்கே சவரப் பிரஷ் செய்யும் தொழிற்சாலையில் பகலில் வேலை, இரவில் படிப்பு. தப்ப முடியாத உறவினர் பலரை நாஜிகள் கொன்றார்கள். அந்தப் பையனை நாம் மதிக்கிறோம். வீட்டை விட்டு ஓடுவது என்றால் என்ன, எவனோ ஒருவன் மேஜையில் உட்கார்ந்து போடும் கையெழுத்தால் குடும்பம் அழிவது என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பிற்காலத்தில் செய்தானே, அதுதான் நமக்கு ஆறவில்லை.

1969 ஜனவரியில் நிக்ஸன் ஜனாதிபதியானார். கிஸ்ஸிங்கர் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர். வியத்நாம் யுத்தத்தை முடிக்கிறோம் என்று ஓட்டு வாங்கியவர்கள் முடித்தார்களா? மார்ச் 18-ந் தேதி, யுத்தத்தில் சேராமல் ஒதுங்கி நின்ற கம்போடியாவின் மீது பி-52 விமானங்களை ஏவினார்கள்! அமெரிக்கப் பார்லிமெண்டுக்குச் சொல்லவில்லை; அமெரிக்க ஜனங்களுக்கும் சொல்லவில்லை. வியத்நாமில் குண்டு போட்டதாக ஒரு பதிவேடு, உண்மைக்கு வேறொரு பதிவேடு. வரிக்கு ஒரு கணக்கும் தனக்கு ஒரு கணக்கும் வைக்கிற ஆலை முதலாளியை நாம் பார்த்திருக்கிறோம். குண்டுக்கு இரட்டைக் கணக்கு எழுதியவர்கள் இவர்கள்தான்.

அந்தத் தாக்குதலுக்கு அவர்கள் வைத்த அந்தரங்கப் பெயர் என்ன தெரியுமா? 'மெனு', அதாவது சாப்பாட்டுப் பட்டியல். காலைச் சிற்றுண்டி, மத்தியானச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு என்று ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டின் பெயர். நெல் விளையும் கிராமங்களின் மீது இந்தச் 'சாப்பாடு' 14 மாதம் பரிமாறப்பட்டது. 3,875 தடவை விமானங்கள் பறந்தன. ஒவ்வொன்றுக்கும் கிஸ்ஸிங்கர் ஒப்புதல் கொடுத்தார் என்று 1973-ல் அமெரிக்க ராணுவ இலாகாவின் அறிக்கையே சொல்லிவிட்டது. வியத்நாம் படைகள் கம்போடிய எல்லைக்குள் தங்கியிருந்தன, அதனால்தான் என்று அவருடைய வக்கீல்கள் வாதாடுகிறார்கள். தங்கியிருந்தது உண்மைதான். அதற்காக 1973 ஆகஸ்ட் வரை, எல்லைப்புறத்தைத் தாண்டி நாட்டின் பெரும் பகுதியில், 5 லட்சம் டன் குண்டு போடுவதா? நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் எந்தப் படையைச் சேர்ந்தவள்?

இன்னொரு விஷயம். அந்த ஆகஸ்டு மாதத்தில் மீகாங் நதிக்கரையிலுள்ள நியாக் லுவாங் என்ற ஊரின் மீது ஒரு பி-52 தவறுதலாகக் குண்டு போட்டது. அது அமெரிக்காவின் சிநேகித சர்க்கார் கையிலிருந்த ஊர். 137 பேர் மாண்டார்கள். தவறு செய்த அதிகாரிக்கு என்ன தண்டனை? 700 டாலர் அபராதம்! நூல் அறுந்ததற்கும் ஐந்து நிமிஷம் பிந்தி வந்ததற்கும் அபராதம் கட்டிய தலைமுறை நம்முடையது. உயிருக்கு இவ்வளவு என்று அபராதம் போடும் ஆலையை இப்போதுதான் பார்க்கிறோம். மற்ற கிராமங்களின் மீது வேண்டுமென்றே போட்டதற்கு அந்த அபராதமும் கிடையாது.

லாவோஸ் இன்னும் ஏழை நாடு. அங்கே குண்டு வீச்சு 1964-லேயே ஆரம்பித்தது. அந்தப் பழி முழுவதையும் கிஸ்ஸிங்கர் தலையில் கட்ட மாட்டோம். ஆனால் நிக்ஸன்-கிஸ்ஸிங்கர் காலத்தில் அது உச்சத்துக்குப் போயிற்று. 1973-ல் நின்றபோது மொத்தம் 20 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. பெரிய குண்டு ஒன்று வானத்தில் பிளந்து, பந்து போன்ற நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளைச் சிதறும். அப்படிச் சிதறியவை சுமார் 27 கோடி. அவற்றில் ஏறக்குறைய பத்தில் மூன்று வெடிக்காமல் மண்ணுக்குள் போய்விட்டன. மண்வெட்டி பிடித்தவனுக்கு இதன் அர்த்தத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. வரப்பு வெட்டும்போது கை போகிறது. குப்பை கூட்டி நெருப்பு மூட்டினால் உயிர் போகிறது. பந்து என்று எடுத்து விளையாடுகிறது குழந்தை. யுத்தம் நின்ற பிறகு மட்டும் 20,000-க்கு மேற்பட்டவர்கள் இதனால் செத்தோ அங்கம் இழந்தோ போயிருக்கிறார்கள். நிலம் இருக்கிறது, மழை இருக்கிறது, உழ முடியவில்லை!

இனி சிலி. 1970 செப்டம்பரில் அந்த நாட்டு ஜனங்கள் ஓட்டுப் போட்டு சால்வடார் அயெண்டேயை முதல் இடத்தில் நிறுத்தினார்கள். துப்பாக்கி தூக்கவில்லை, வாக்குச் சீட்டைத்தான் தூக்கினார்கள். ஓட்டின் மூலம் வா, வந்தால் ஒப்புக்கொள்கிறோம் என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? செப்டம்பர் 15-ந் தேதி வெள்ளை மாளிகையில் நிக்ஸன், கிஸ்ஸிங்கர், சி.ஐ.ஏ. தலைவர் ஹெல்ம்ஸ் முதலியோர் கூடினார்கள். சிலியின் பொருளாதாரத்தைக் கதற வைக்க வேண்டும் என்ற உத்தரவை ஹெல்ம்ஸ் தம் கைப்படக் குறித்து வைத்தார். அந்தக் காகிதம் இன்றும் இருக்கிறது. அரசியலில் ராணுவம் தலையிடக்கூடாது என்று நின்ற தளபதி ரெனே ஷ்னைடர் அடுத்த மாதமே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைக் கடத்தச் சதி செய்த கும்பல்களோடு சி.ஐ.ஏ. தொடர்பு வைத்திருந்ததை 1975-ல் அமெரிக்க செனட் குழுவே எழுதி வைத்தது.

அயெண்டே செய்த குற்றந்தான் என்ன? குழந்தைகளுக்குத் தினம் அரை லிட்டர் பால் கொடுத்தார். பெரும் பண்ணைகளை உடைத்து உழவர் கையில் சேர்த்தார். 1971 ஜூலையில் அமெரிக்கக் கம்பெனிகளின் செப்புச் சுரங்கங்களைத் தேசவுடைமையாக்கினார். எதிர்க்கட்சிக்காரர்கள் உட்பட பார்லிமெண்டில் அத்தனை பேரும் அதற்குக் கை தூக்கினார்கள். தலைநகர் சந்தியாகோவில் யாரூர் என்ற பெரிய பஞ்சாலை உண்டு. அதன் தொழிலாளர்கள் 1971 ஏப்ரலில் ஆலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். சர்க்கார் அதை ஏற்றது. நம்மைப் போலவே பஞ்சு தூசியைச் சுவாசித்தவர்கள், முதன் முறையாக ஆலை நிர்வாகக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அந்த நாற்காலிதான் வெள்ளை மாளிகையை உறுத்தியது!

1973 செப்டம்பர் 11-ந் தேதி பினோசே ராணுவம் ஜனாதிபதி மாளிகையின் மீதே விமானத்திலிருந்து குண்டு போட்டது. அயெண்டே அங்கேயே மாண்டார். 3,000-க்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமற் போனார்கள். பல்லாயிரம் பேர் சித்திரவதைப்பட்டார்கள். தொழிற்சங்க சம்மேளனம் தடை செய்யப்பட்டது. தேதிகளைக் கவனியுங்கள். பதினோரு நாள் கழித்து, செப்டம்பர் 22-ல், கிஸ்ஸிங்கர் வெளிநாட்டு மந்திரியாகப் பதவியேற்றார். அடுத்த மாதம் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு அறிவிக்கப்பட்டது!

அந்தப் பரிசு அவருக்கும் வியத்நாமின் லெ டக் தோ அவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. என் நாட்டில் இன்னும் சமாதானம் வரவில்லை என்று சொல்லி லெ டக் தோ அதை வாங்க மறுத்தார். அவருக்குத் தெரியாதா? 1972 டிசம்பரில், பேச்சுவார்த்தைக்கு நடுவிலேயே, ஹனாய் நகரத்து வீடுகளின் மீதும் பாக் மாய் ஆஸ்பத்திரியின் மீதும் குண்டு விழுந்ததைப் பார்த்தவர் அவர். நோபல் கமிட்டியில் இரண்டு பேர் வெட்கப்பட்டு ராஜிநாமா செய்தார்கள். கிஸ்ஸிங்கருக்கு வெட்கமில்லை, வாங்கிக்கொண்டார். 1969-க்குப் பிறகு இழுத்தடித்த அந்த நாலு வருஷத்தில் 20,000-க்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களும் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்காகவும் நாம் கேட்கிறோம்.

நம் வாசலுக்கும் அவர் கப்பல் அனுப்பினார். 1971 மார்ச் 25-ந் தேதி இரவு யாஹியா கானின் ராணுவம் டாக்காவில் நரவேட்டையைத் துவக்கியது. அங்கிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட் என்ற நல்ல மனிதரும் அவருடைய சகாக்களும், நம் சர்க்கார் வாய் மூடி இருப்பது அதர்மம் என்று தந்தி கொடுத்தார்கள். அவரை அந்தப் பதவியிலிருந்தே தூக்கினார்கள்! ஏன்? சீனாவுக்கு அந்தரங்கமாகப் போக யாஹியா கான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். ஜூலையில் பாகிஸ்தானில் வயிற்று வலி என்று பொய் சொல்லிப் படுத்த கிஸ்ஸிங்கர், அங்கிருந்து பீக்கிங்குக்குப் பறந்தார். அவருடைய அந்த வயிற்று வலிக்கு வங்காளத்து ஜனங்கள் விலை கொடுத்தார்கள். ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். கடிதத்துக்கு மேல் 5 பைசா அகதி நிவாரணத் தபால்தலை ஒட்டிய பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். டிசம்பரில் எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்தது. அது வந்தும் டிசம்பர் 16-ந் தேதி டாக்கா விடுதலையாயிற்று.

இங்கே நம் பக்கத்துக் கணக்கையும் மறைக்கக் கூடாது. 1972 பிப்ரவரியில், வியத்நாம் எரிந்துகொண்டிருந்தபோது, நிக்ஸனையும் கிஸ்ஸிங்கரையும் கை குலுக்கி வரவேற்றவர் மாவோ. குண்டு விழுந்த கம்போடியக் கிராமங்களில் ஆள் சேர்த்து 1975-ல் ஆட்சியைப் பிடித்த போல்பாட் கும்பல், கம்யூனிஸ்ட் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டே 15 லட்சத்துக்கு மேற்பட்ட தம் ஜனங்களைச் சாகடித்தது. அந்தக் கும்பலுக்குச் சீனா துணை நின்றது. கிஸ்ஸிங்கர் என்ன சொன்னார்? அவர்கள் கொலைகாரர்கள்தாம், ஆனாலும் நாம் சிநேகமாக இருப்போம் என்று அவர்களிடம் சொல்லுங்கள் என 1975 நவம்பரில் தாய்லாந்து மந்திரியிடம் சொல்லியனுப்பினார். கொலையை நிறுத்தியது யார்? 1978 டிசம்பரில் உள்ளே புகுந்த வியத்நாம் படை. அதற்குப் பிறகும் பல வருஷம் ஐ.நா. சபையில் போல்பாட் தரப்புக்கே நாற்காலி போட்டு வைத்தார்கள், அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து!

கிழக்குத் திமோரை இரண்டு வரியில் சொல்லலாம். 1975 டிசம்பர் 6-ல் கிஸ்ஸிங்கரும் ஜனாதிபதி ஃபோர்டும் ஜகார்த்தாவில் சுகார்த்தோவோடு பேசிவிட்டுக் கிளம்பினார்கள். மறுநாள் இந்தோனேஷியப் படை அந்தச் சிறு நாட்டுக்குள் இறங்கியது. 1999 வரை மாண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

2001 மே மாதம் கிஸ்ஸிங்கர் பாரிஸ் நகரத்தில் ரிட்ஸ் என்ற பெரிய ஹோட்டலில் தங்கியிருந்தார். பினோசே காலத்தில் சிலியில் காணாமற் போன பிரெஞ்சுக்காரர்களைப் பற்றிச் சாட்சி சொல்ல வரும்படி ஒரு நீதிபதி சம்மன் அனுப்பினார். போலீசார் அதை ஹோட்டலுக்கே எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் போகவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு பாரிஸை விட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு இன்னும் 22 வருஷம் இருந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்தக் கோர்ட்டுப் படியும் ஏறவில்லை.