‘சோம்பேறி’ என்னும் சொல்

நம் சங்கத்து நண்பர்கள் ஒருவரையொருவர் கேலி பேசும்போது மிகுதியாக வழங்கும் சொல் ‘சோம்பேறி’ என்பது. பெரும்பாலும் அதில் நஞ்சு இல்லை. ஆயினும் நம்முள் சிலர்க்கு அது பொருந்தாது. பொருந்தாததோடு தீங்கும் செய்யும். அச்சிலருள் நானும் ஒருவன் என்பதால் எழுதத் துணிந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு மனநல மருத்துவர் என்னைப் பன்முறை விசாரித்து, வீட்டாரிடமும் என் இளமைப் பழக்கங்களைக் கேட்டறிந்து, எனக்கிருப்பது கவனக் குறைவு மிகை இயக்கக் குறைபாடு என்றார். ஏ.டி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்வது இதனையே. பெயர்தான் புதிது. மனத்தை ஒன்றில் ஊன்ற இயலாத நிலையை 1798-இலேயே அலெக்சாந்தர் கிரைட்டன் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். எனினும் சிறுவர் நோயென்றே உலகம் நெடுங்காலம் நினைத்திருந்தது. 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்புத்தான், சிறுவர்க்கு ஆறு அறிகுறிகள் வேண்டுமெனில் வயது வந்தோர்க்கு ஐந்து போதும் என்று வரையறுத்தது.

கவனம் இல்லை என்பதும் சரியன்று. கவனம் உண்டு, வேண்டிய இடத்தில் அதனை நிறுத்தும் கடிவாளந்தான் தளர்ந்திருக்கிறது. பொங்கல் விழா நாடகத்துக்குப் பின்திரை தீட்டுகையில் இரவு மூன்று மணி ஆனதே எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ஒப்படைக்க வேண்டிய ஆய்வுக்கூடக் குறிப்பேடோ மேசைமேல் திறவாமலே கிடந்தது. “பிடித்த வேலை என்றால் செய்கிறாயே!” என்பர் நண்பர். அவர் கண்டது உண்மை. கொண்ட முடிவு தவறு. மூளையில் ஊக்கத்தையும் பயன்நோக்கையும் இயக்கும் பொருள்களுள் ஒன்று டோபமைன். நோரா வோல்கவ் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இக்குறைபாடுடைய வயது வந்தோரின் மூளையில் அப்பாதை தளர்ந்திருக்கக் கண்டனர். ஆறு மாதத்துக்கு அப்பாலுள்ள மதிப்பெண் எங்களை அசைப்பதில்லை. நெருப்புக் காலடிக்கு வந்த பின்னரே கால் நகர்கிறது. செய்ய விரும்பி அமர்ந்தும் தொடங்க முடியாமல் மூன்று மணி நேரம் வெறுந்தாளைப் பார்த்திருப்பதற்குச் சோம்பல் என்று பெயரிடலாமா? சோம்பேறிக்கு அந்நேரம் இன்பமாகக் கழியும், எங்களுக்கு வதை.

பள்ளியில் இது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். அங்கே விடியற்காலை மணி, நாள்தோறும் தேர்வு, பின்னால் நிற்கும் ஆசிரியர், வீட்டில் அம்மா. கடிவாளத்தைப் பிறர் பிடித்திருந்தனர். ஆயிரம் கல் தாண்டி வந்து விடுதியில் தனியறை கிடைத்ததும் பிடித்த கைகள் போயின. 600-க்கு 580 வாங்கியவன் இரண்டாம் செமஸ்டரில் மூன்று தாள் தவறுவது இப்படியும் நிகழலாம்.

“கைபேசிக் காலத்தில் எல்லோர்க்குந்தான் மனம் சிதறுகிறது” என்று மறுப்பாரும் உளர். இவர்கள் வாதத்தில் பாதி நியாயம் உண்டு. தூக்கமின்மை, மனச்சோர்வு, தைராய்டுக் கோளாறு யாவும் இதே வேடம் பூணும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறி தோன்றி, ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் வாழ்வைக் குலைத்தாலன்றி மருத்துவர் இப்பெயரை வைப்பதில்லை. ஆகவே தாமே முடிவுகட்டுவதும் கூடாது. தேர்வுக்கு முன் நண்பன் மாத்திரையை வாங்கி விழுங்குவது அதனினும் கூடாது. மெதில்ஃபெனிடேட் 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டிலுள்ள மருந்து. நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடியது. முறையாகக் கொள்வார்க்கு அது பெருந்துணை. ஆனால் கால அட்டவணையை அது போட்டுத் தராது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் அட்டவணையில் கற்றல் குறைபாடு உண்டு, இது இல்லை. பல்கலைக்கழகம் தானே முன்வந்து தேர்வில் கூடுதல் நேரம் தரும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சங்கம் செய்யக்கூடியவை உள. “மனசு ஒட்ட மாட்டேங்குது” என்பதை இந்தியில் மருத்துவரிடம் எப்படிச் சொல்வது? இந்தி அறிந்த மூத்த மாணவர் ஒருவர் உடன் செல்லலாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதலாம். இன்னொன்று, செலவில்லாதது: பேசாமல் பக்கத்தில் ஒருவர் படித்துக்கொண்டிருந்தாலே எங்களுள் பலர்க்கு வேலை தொடங்கிவிடுகிறது. வாரம் ஒருநாள் கூடி அமர்ந்து அவரவர் வேலையைச் செய்வோம். அடுத்த செயற்குழுவில் இதனை முன்மொழிய இருக்கிறேன். சங்கத்து அறை சனிக்கிழமை மாலைகளில் பூட்டியேதான் கிடக்கிறது.