விலகி நிற்கும் ஒரு புள்ளி



நம் பங்கைச் சேர்ந்த மாணவி ஒருவர் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை பயின்று வருகின்றார். விடுமுறைக்கு வந்திருந்த அவர், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மைச் சந்தித்து, சென்ற பருவத்தில் தாம் கற்ற ஒரு பாடத்தைப்பற்றிக் கூறினார். 'தரவுப் பகுப்பாய்வும் காட்சிப்படுத்தலும்' என்பது அதன் பெயர். குவிந்து கிடக்கும் எண்களைக் கணினியின் துணைகொண்டு ஆராய்ந்து, அவற்றின் பொருளை வரைபடமாகக் கண்முன் நிறுத்தும் கலை அது. வெறும் கணக்குத்தானே என்றெண்ணிக் கேட்கத் தொடங்கிய நாம், நல்லதொரு மறையுரையைக் கேட்ட மனத்தோடு வீடு திரும்பினோம்.

முதல் வகுப்பிலேயே பேராசிரியர் நான்கு சிறிய அட்டவணைகளைக் கொடுத்தாராம். ஆன்ஸ்கோம் என்னும் புள்ளியியல் அறிஞர் 1973-ஆம் ஆண்டில் வெளியிட்டவை அவை. ஒவ்வொன்றிலும் பதினோரு இணை எண்கள் உண்டு. சராசரி கண்டால் நான்கிலும் ஒரே விடைதான்: ஒரு வரிசைக்கு 9, மற்றதற்கு 7.5. அவ்விரு வரிசைகளுக்கும் இடையேயுள்ள தொடர்பை அளந்தாலும் ஏறத்தாழ ஒரே அளவே கிட்டும். ஆனால் அவ்வெண்களைப் புள்ளிகளாக வரைந்து பார்த்த மாணவர்கள் திகைத்துப் போயினர். ஒன்றில் புள்ளிகள் ஒரு கோட்டையொட்டிச் சிதறிக் கிடந்தன. அடுத்ததில் வில்லைப்போல் வளைந்து சென்றன. மூன்றாவதில் நேர்கோட்டில் அணிவகுத்தவற்றுள் ஒன்று மட்டும் விலகி நின்றது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்க, எஞ்சிய ஒன்று தொலைவில் தனித்திருந்தது. சராசரி பொய் சொல்லவில்லை. எனினும் முழு உண்மையையும் அது சொல்லவில்லை.

இக்கலை உயிர்களைக் காத்த வரலாறும் உண்டு. கிரிமியப் போரில் பணிபுரிந்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், காயங்களால் மாண்ட வீரர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் மாண்டவர்களே மிகுதி என்பதை 1858-ஆம் ஆண்டில் வண்ண வரைபடமாக்கி, ஆட்சிப் பொறுப்பில் இருந்தோர் உணரச் செய்தார்.

பருவ இறுதியில் நம் மாணவி, ஒரு பள்ளியின் முந்தைய ஆண்டு வருகைப் பதிவை, பெயர்கள் நீக்கப்பட்ட நிலையில் பெற்று ஆராய்ந்தார். வகுப்பின் சராசரி வருகை நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேல். ஆனால் ஒரு புள்ளி மட்டும் வெகு கீழே கிடந்து படத்தின் அழகைக் கெடுத்தது. பதிவில் நேர்ந்த தவறாக இருக்கும் என்று கருதி அவர் அதை நீக்கிவிட்டார். படத்தைப் பார்வையிட்ட பேராசிரியர் கேட்டார்: "அம்மா, நீங்கள் நீக்கிய புள்ளி பிழையா, பிள்ளையா?"

மாணவி பள்ளிக்குச் சென்று விசாரித்தார். அது பிழையன்று. தாய் நோயுற்றதால் தம்பியைக் கவனிக்க வீட்டிலிருந்துவிட்ட ஒரு சிறுமி! அவள் அதற்குள் படிப்பையே நிறுத்தியிருந்தாள். சராசரி நன்றாயிருந்தமையால் எவரும் அவளைத் தேடவில்லை. "நானும் அவளை ஒருமுறை அழித்துவிட்டேன்" என்று கூறியபோது மாணவியின் குரல் தழுதழுத்தது. அந்தப் புள்ளியை மீண்டும் இட்டே அவர் தம் படத்தை ஒப்படைத்தார்.

நூறு ஆடுகளில் தொண்ணூற்றொன்பது பத்திரமாயிருந்தால் கணக்கில் அது பெரும் வெற்றியே. நம் ஆண்டவர் கூறிய உவமையின் ஆயனோ அக்கணக்கில் நிறைவு கொள்ளவில்லை. காணாமற்போன ஒன்றைத் தேடிப் புறப்பட்டான்.

பெற்றோரே, பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுக்கும்போது மொத்தத்தைப் பார்த்து மகிழ்ந்தோ சினந்தோ நின்றுவிடாதீர்கள். எந்தப் பாடத்தில், எந்த மாதத்தில் அவன் சரிந்தான் என்று அருகமர்ந்து கேளுங்கள். பங்கு மக்களாகிய நாமும், கோவில் நிரம்பியிருக்கின்றது என்று மனநிறைவு கொள்ளுமுன், வழக்கமாக நம் அருகில் அமர்ந்தவர் ஏன் வரவில்லை என்று எண்ணிப் பார்ப்போம். இம்மாதம் அத்தகைய ஓர் இல்லத்தின் கதவையேனும் தட்டுவோமா?